மகள் 84 சென்டிமீட்டர், பலகையில் 120: குட்டிக் குழந்தையோட தீம் பார்க் போகலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தா. "பையனுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது. பர்த்டேக்கு தீம் பார்க் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். போகலாமா, வேண்டாமா?" ஒரு வரிக் கேள்விதான். பதில் சொல்ல ஆரம்பிச்ச நான் ஏழு நிமிஷம் பேசிட்டேன். சரி, இதை ஒரு எபிசோடாவே பண்ணிடலாம்னு அப்பவே முடிவு பண்ணினேன்.

எனக்கு இதுல சொந்த அனுபவம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, சென்னைக்குப் பக்கத்துல ஒரு பெரிய தீம் பார்க்ல. இன்னொண்ணு எங்க ஊர்ப் பக்கம், குற்றாலத்துல. முதலாவது நாள் நிறைய செலவு பண்ணி, எல்லாரும் அழுது முடிஞ்ச நாள். ரெண்டாவது நாள் நல்லாத்தான் போச்சு. ஆனா கடைசி கால் மணி நேரத்தை நினைச்சா இப்பவும் எனக்குக் கை சில்லுன்னு ஆகும். ரெண்டையும் சொல்றேன். நடுவுல, ஏன் அப்படி ஆச்சுங்கிற காரணங்களையும் பார்ப்போம்.

அளவுப் பலகை முன்னாடி ஒரு சண்டை

போன மே மாசம். மகளுக்கு அப்பதான் ரெண்டு வயசு முடிஞ்சிருந்தது. என் அம்மா, அப்பா, தம்பி மூணு பேரும் ராயகிரியிலிருந்து வந்திருந்தாங்க. ராயகிரி தெரியாதவங்களுக்கு: தென்காசி மாவட்டம், சிவகிரிக்குப் பக்கத்துல ஒரு சின்ன பேரூராட்சி. மேற்குப் பக்கம் திரும்பினா மலை தெரியும். "ஊர்ல இருந்து வந்தவங்களுக்கும் ஒரு அவுட்டிங், பிள்ளைக்கும் ஜாலி"ன்னு அஞ்சு பெரியவங்களுக்கு டிக்கெட் போட்டோம்.

வீட்டை விட்டுக் கிளம்பவே பத்தரை. உள்ள போறப்போ மணி பன்னெண்டு. ஒரு ரைடுக்கு நாற்பது நிமிஷம் வரிசை. எங்க முறை வந்தப்போ, அங்க இருந்த தம்பி மகளை அளவுப் பலகை பக்கத்துல நிறுத்தினார். "ஹைட் பத்தாது மேடம்." நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பாப்பாவோட குதிகாலை லேசா தூக்கி நிக்க வெச்சேன். அவர் சிரிச்சார். ஆனா விடலை. எனக்குக் கோபம். "நான் மடியில வெச்சுக்கிறேன், பிடிச்சுக்கிறேன்"னு வாக்குவாதம். பாப்பா தரையில படுத்துட்டா. பின்னாடி நின்ன மொத்த வரிசையும் எங்களையே பார்த்தது.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தப்போதான் புரிஞ்சுது, அந்தத் தம்பி எனக்கு எவ்வளவு பெரிய உதவி செஞ்சிருக்கார்னு.

உயரம் ஏன், வயசு ஏன் இல்ல?

முதல்ல எண்களைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைப்படி, ரெண்டு வயசுல ஒரு பெண் குழந்தையோட நடுத்தர உயரம் சுமார் 86 சென்டிமீட்டர். ஆண் குழந்தைக்கு 87. மூணு வயசுல 95, 96. நாலு வயசுல சுமார் 103. பெரிய ரைடுகள்ல 120 சென்டிமீட்டர்னு எழுதியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்த உயரத்தை ஒரு குழந்தை தொடுறது ஏறக்குறைய ஏழு வயசுல. என் மகள் அன்னைக்கு 84. அதாவது ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு பெரிய பூங்காவுல முக்கால்வாசி மூடின கதவுதான். டிக்கெட் எடுக்குறப்போ இதை யாரும் நமக்குச் சொல்றதில்ல, நாமளும் கேக்குறதில்ல.

சரி, உயரத்தை ஏன் அளக்குறாங்க? ரைடுல நம்மைப் பிடிச்சு வெக்கிற கம்பி அல்லது பெல்ட் இருக்கே, அது இடுப்பு எலும்பு மேல உக்காந்தாதான் வேலை செய்யும். குட்டிக் குழந்தைக்கு அந்தக் கம்பி வயித்துலயோ நெஞ்சுலயோ வந்து நிக்கும். இல்லன்னா கம்பிக்கும் தொடைக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கும். வண்டி சட்டுனு நின்னா, குழந்தை அந்த இடைவெளி வழியா கீழ வழுக்கிடும். குழந்தை தைரியசாலியா, பயந்தாங்கொள்ளியாங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ரெண்டாவது காரணம் தலை. பிறந்த குழந்தையோட உடம்புல தலை மட்டுமே நீளத்துல கால் பங்கு. பெரியவங்களுக்கு அது எட்டுல ஒரு பங்கு கிட்ட. ரெண்டு வயசுல குழந்தை இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கு: பெரிய தலை, இன்னும் வலுவாகாத கழுத்து. நமக்கு "ஜிவ்"னு இருக்கிற ஒரு திருப்பம், அந்தக் கழுத்துக்கு வேற மாதிரி இருக்கும்.

மூணாவது, நான் சொன்ன அந்த "மடியில வெச்சுக்கிறேன்". ரெண்டு வயசுப் பெண் குழந்தையோட நடுத்தர எடை பதினொன்றரை கிலோ. ஒரு ரைடு திரும்புறப்போ ரெண்டு மடங்கு விசை வந்தா, என் கைக்கு அவ 23 கிலோ. அதுவும் எதிர்பார்க்காத நொடியில, எதிர்பார்க்காத திசையில. என் கையும் அப்போ என் கட்டுப்பாட்டுல இருக்காது, ஏன்னா அதே விசை என்னையும் இழுக்கும். "நான் பிடிச்சுக்கிறேன்"ங்கிறது பாசத்துல சொல்ற வார்த்தை. இயற்பியல்ல அதுக்கு மதிப்பு ரொம்பக் கம்மி.

இதை நம்ம ஊர் திருவிழாவோட பொருத்திப் பாருங்க. எங்க பக்கம் சங்கரன்கோவில் ஆடித்தபசுன்னா ராட்டினம் இல்லாம இருக்காது. சென்னையில தீவுத்திடல் பொருட்காட்சி. அப்பா மடியில, தாத்தா மடியில உக்காந்து ராட்டினம் சுத்தின ஞாபகம் நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கும். "நாங்கெல்லாம் அப்படித்தான் வளந்தோம்"னு சொல்லுவோம். நமக்கு ஒண்ணும் ஆகலைங்கிறது நம்ம அதிர்ஷ்டம். திருவிழா ராட்டினத்துல அளவுப் பலகை இல்லன்னா, நாமளே அந்தப் பலகையா இருக்கணும். மெதுவா சுத்துற குதிரை ராட்டினம், பொம்மை ரயில், இது போதும். உயரத் தூக்குறது, சட்டுனு இறக்குறது, ஊஞ்சல் மாதிரி வீசுறது, இதெல்லாம் ரெண்டு வயசுக்கு வேண்டாம்.

குழந்தையோட கடிகாரம்

அன்னைக்கு நாங்க பண்ணின பெரிய தப்பு பலகை முன்னாடி போட்ட சண்டை இல்ல. பன்னெண்டு மணிக்கு உள்ள போனது.

ஒன்னு, ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேணும், பகல் தூக்கத்தையும் சேர்த்துன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லுது. மூணு, நாலு வயசுக்கு 10 முதல் 13. பெரும்பாலான வீடுகள்ல அந்தப் பகல் தூக்கம் மதியம் பன்னெண்டரை, ஒரு மணிக்கு ஆரம்பிக்கும். நாங்க டிக்கெட் காட்டி உள்ள நுழைஞ்சது, என் மகளோட உடம்பு "படுக்கப் போறேன்"னு சொல்ற நேரத்துல. அவ தரையில படுத்தது பிடிவாதம் இல்ல. தூக்கம்.

அதோட வெயில். குழந்தையோட உடம்பு எடைக்குத் தோல் பரப்பு அதிகம். அதனால வெளிச்சூடு நம்மளவிட வேகமா உள்ள ஏறும். சின்ன உடம்புல இருக்கிற தண்ணியும் சீக்கிரம் குறையும். "தாகமா இருக்கு"ன்னு சொல்லத் தெரியாது, சிணுங்கத்தான் தெரியும். நீங்க தள்ளுவண்டி கொண்டு போனா ஒண்ணு கவனிங்க: வெயில் படக்கூடாதுன்னு வண்டியைத் துண்டு போட்டு முழுசா மூடுவோம் பாருங்க, அதைச் செய்யாதீங்க. காத்து போக வழியில்லாம உள்ள சூடு ஏறிடும். நிழல்ல நிறுத்துங்க, முன்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

மூணாவது சத்தம். ஸ்பீக்கர், அலறல், மெஷின் இரைச்சல். நமக்கு அது பண்டிகை மாதிரி. ரெண்டு வயசுக் குழந்தைக்கு அத்தனையையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. முதல் ஒரு மணி நேரம் கண்ணை அகலத் திறந்து பார்க்கும். அப்புறம் திடீர்னு உங்க தோள்ல முகத்தைப் புதைச்சுக்கும். அது "போதும்"னு அர்த்தம்.

அப்போ திட்டம் எப்படி இருக்கணும்? குழந்தையோட கடிகாரத்தை முதல்ல வைங்க, பூங்காவோட கடிகாரத்தை அதுக்கு மேல வைங்க.

கதவு திறக்குற நேரத்துல வாசல்ல நில்லுங்க. முடிஞ்சா வார நாள்ல. முதல் ரெண்டு மணி நேரம்தான் உங்களோட நாள், மிச்சமெல்லாம் போனஸ். அந்த ரெண்டு மணி நேரத்துல குழந்தைக்கு ரெண்டே ரெண்டு விஷயம்: ஒரு மெதுவான ரைடு, ஒரு தண்ணி விளையாட்டு. சாப்பாடு பசிக்கிறதுக்கு முன்னாடி. வெளிச் சாப்பாட்டுக்குத் தடை இருக்கிற பூங்காவுலயும் குழந்தை உணவுக்கு அனுமதி உண்டான்னு போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. ஒரு டப்பா தயிர்சாதம் அந்த நாளையே காப்பாத்தும். அப்புறம் நிழலான ஒரு இடம், தூக்கம். எழுந்து நல்லா இருந்தா இன்னொரு சுத்து. இல்லன்னா வீடு. நல்லா விளையாடிக்கிட்டு இருக்கும்போதே கிளம்புறதுக்கு மனசு வராது. ஆனா அழ ஆரம்பிச்ச பிறகு கிளம்புறதைவிட அது ஆயிரம் மடங்கு சுலபம்.

எந்தப் பூங்கா?

தமிழ்நாட்டுல இப்போ தேர்வுகள் நிறைய. ஈ.சி.ஆர்.ல வி.ஜி.பி., முட்டுக்காட்டுல எம்.ஜி.எம்., பூந்தமல்லி பக்கம் குயின்ஸ்லேண்ட், மேட்டுப்பாளையத்துல மலையடிவாரத்துல பிளாக் தண்டர், மதுரை திண்டுக்கல் சாலையில அதிசயம். 2000-ல கொச்சியில வீகாலேண்டா ஆரம்பிச்ச ஒண்டர்லா, 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் சென்னைப் பூங்காவைத் திறந்துச்சு. ராயகிரியிலிருந்து பார்த்தா பக்கம்னு சொல்லக்கூடியது மதுரைதான், அதுவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி நல்ல பயணம்.

எதுக்குப் போறதா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, குழந்தைக்கு டிக்கெட் எதை வெச்சு? ஒண்டர்லா மாதிரி இடங்கள்ல வயசு இல்ல, உயரம்தான் கணக்கு. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுச் சுவர்ல நிக்க வெச்சு அளந்துடுங்க. ரெண்டு, என் குழந்தையோட உயரத்துக்கு எத்தனை ரைடு திறந்திருக்கும்? அஞ்சுக்குக் கீழன்னா, அந்தப் பணத்துக்கு வேற நல்ல வழி இருக்கு. மூணு, கைக்குழந்தைக்கு உடை மாத்த, பால் கொடுக்க மூடின இடம் இருக்கா? இது இல்லன்னா மத்தது எதுவும் கணக்கில்ல.

பெரியவங்களும் பெரிய ரைடுல போகணும்னு ஆசை இருக்கும், அதுல தப்பே இல்ல. ரெண்டு பேரும் முறை வெச்சுப் போங்க. டிஸ்னி பூங்காக்கள்ல இதுக்குத் தனி ஏற்பாடே உண்டு: ஒருத்தர் போயிட்டு வந்ததும், குழந்தையோட நின்ன இன்னொருத்தர் மறுபடி முழு வரிசையில நிக்காம போகலாம். இங்க அப்படி எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. ஆனா வரிசையைப் பார்க்கிற ஊழியர்கிட்ட பணிவா கேட்டுப் பாருங்க.

எட்டுப் பேர் பார்த்தா யாரும் பார்க்கலை

கூட்டத்துல குழந்தை தொலையுறது எப்படின்னு நினைக்கிறீங்க? தனியா போன அம்மாகிட்டயிருந்து தொலையுறதைவிட, பெரிய குடும்பமா போறப்போ தொலையுறது சுலபம். அம்மா, அப்பாகிட்ட இருக்குன்னு நினைப்பாங்க. அப்பா, தாத்தாகிட்டன்னு நினைப்பார். தாத்தா ஐஸ்கிரீம் வாங்கிட்டு இருப்பார்.

எங்க வீட்டுல இப்போ ஒரு விதி. குழந்தையைக் கை மாத்தும்போது வாய்விட்டுச் சொல்லணும். "தம்பி, பாப்பா இப்போ உன்கிட்ட." அவன் "சரி, என்கிட்ட"ன்னு பதில் சொல்லணும். பதில் வரலைன்னா கை மாறலைன்னு அர்த்தம். முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. இப்போ அப்பாவே சொல்றார்.

இன்னும் ரெண்டு சின்ன வேலை. வாசல்லயே குழந்தையை அன்னைக்குப் போட்ட உடுப்போட ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பதற்றத்துல "என்ன கலர் சட்டை?"ன்னு கேட்டா நமக்கு ஞாபகம் வராது. அழியாத பேனாவுல குழந்தையோட முன்கையில உங்க போன் நம்பரை எழுதிடுங்க. பேரை எழுத வேண்டாம், நம்பர் போதும்.

பெஞ்சில உக்காந்த ஒரு அப்பா

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை. லாஸ் ஏஞ்சலிஸ்ல கிரிஃபித் பார்க்னு ஒரு பூங்கா. அங்க ஒரு குதிரை ராட்டினம். ரெண்டு பெண் குழந்தைகளை அதுல ஏத்திவிட்டுட்டு, ஒரு அப்பா பெஞ்சில உக்காந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கிட்டு இருப்பார். பிள்ளைங்க மட்டும்தான் விளையாட முடியுது, பெத்தவங்களும் சேர்ந்து விளையாடுற மாதிரி ஒரு இடம் ஏன் இருக்கக் கூடாதுன்னு அவருக்குத் தோணுச்சு. அவர் வால்ட் டிஸ்னி. 1955 ஜூலை 17-ல டிஸ்னிலேண்ட் திறந்தது. இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கிற தீம் பார்க்குகளுக்கு அதுதான் முன்மாதிரி.

யோசிச்சுப் பாருங்க. தீம் பார்க் யோசனையே, பெரியவங்களுக்கு போரடிக்கக் கூடாதுன்னு பிறந்தது. அதனாலதான் அது இவ்வளவு பெருசா, இவ்வளவு சத்தமா, இவ்வளவு வேகமா இருக்கு. ரெண்டு வயசுக் குழந்தை அந்த யோசனைக்குள்ளேயே வரலை. அவளுக்கு அந்தக் குதிரை ராட்டினமும், பெஞ்சில உக்காந்து அவளையே பார்க்கிற ஒரு அப்பாவுமே போதும்.

அன்னைக்கு எங்க பூங்காவுல என் மகளுக்கு எது பிடிச்சது தெரியுமா? கால் கழுவுற குழாய். அழுது ஓய்ஞ்ச பிறகு, அந்தக் குழாயடியில இருபத்தஞ்சு நிமிஷம். தண்ணி ஓடுது, கையை வெக்குறா, நிக்குது. கையை எடுக்குறா, ஓடுது. ஒவ்வொரு தடவையும் புதுசா சிரிக்குறா. நான் அங்கயும் "வா, டைம் ஆகுது, அந்த ரயில் மூடிடுவாங்க"ன்னு இழுத்தேன். அம்மாதான் சொன்னா, "விடு. அவ விளையாடிட்டுத்தானே இருக்கா?"

அப்புறம் குற்றாலம்

அதுக்கப்புறம் ஜூலையில ஊருக்குப் போனோம். சீசன் நேரம். தென்மேற்குப் பருவமழை கேரளாவுல பெய்ய, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் சாரலா விழுற அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ராயகிரியிலிருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியா சுமார் ஐம்பது கிலோமீட்டர். எங்களுக்குச் சின்ன வயசுல தீம் பார்க்னா குற்றாலம்தான். டிக்கெட் கிடையாது, அளவுப் பலகை கிடையாது.

இந்தத் தடவை திட்டத்தோட போனோம். விடியக்காலை கிளம்பி, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தாச்சு. பேரருவி பக்கம் பாப்பாவைக் கொண்டு போகலை. பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். நேரா நம்ம தலையில விழாம, நடுவுல பொங்குமாங்கடல்ங்கிற பள்ளத்துல விழுந்து, நிரம்பி, வேகம் குறைஞ்சு வழியுறதாலதான் மனுஷங்க அடியில நிக்கவே முடியுது. அப்படியும் அந்த அடி பெரியவங்க தோளுக்கே வலிக்கும். குட்டிகளுக்குப் புலியருவி மாதிரி சின்ன அருவிதான் சரி. அங்கயும் அருவிக்குக் கீழ நிக்க வேண்டாம், ஓரமா வழிஞ்சு ஓடுற தண்ணியில உக்கார வெச்சா போதும்.

மகள் கூழாங்கல் பொறுக்கினா. கல்லைத் தண்ணியில போட்டா, எடுத்தா, ஆச்சி மடியில வெச்சா. அதான் விளையாட்டு. முக்கால் மணி நேரத்துல உதடு லேசா நீலமாச்சு. சாரல்ல அதுதான் சிக்கல்: வெயில் இல்லாததால குளிர் தெரியாது, ஆனா ஈர உடம்புல காத்து அடிச்சா குழந்தை சீக்கிரம் சில்லிட்டுப் போகும். துவட்டி, காய்ஞ்ச துணி, மேல ஒரு ஸ்வெட்டர், சூடா பால். இன்னொண்ணு, பிஸ்கட்டைக் குழந்தை கையில கொடுத்துட்டுத் திரும்பாதீங்க. குரங்குங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கும்.

எல்லாம் நல்லா முடிஞ்சுது. அங்கயே கிளம்பியிருக்கணும். எனக்கு ஒரு ஆசை: பாப்பாவோட பெரிய அருவி முன்னாடி ஒரு போட்டோ. தம்பி வேற ஐந்தருவி, பழைய குற்றாலம்னு பட்டியல் போட்டான். ஒரு இடத்துல தண்ணி வழியுற படிக்கட்டுக்குக் கிட்டக்க, பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு, "இன்னும் ரெண்டு அடி பின்னாடி போங்க"ன்னு தம்பி சொல்லச் சொல்ல நான் நகர்ந்துக்கிட்டே இருந்தேன். மேல வானம் வெளிச்சமாத்தான் இருந்தது. ஆச்சி தூரத்துல இருந்து கத்தினா. "ஏட்டி, தண்ணி கலங்குது பாரு! பிள்ளைய தூக்கிட்டு இங்க வா!"

திரும்பிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்த தண்ணியில செம்மண் நிறம் லேசா. கூடவே இலை, சுள்ளி. நான் மேல ஏறி வந்து ஆச்சி பக்கத்துல நின்னப்போ போலீஸ் விசில் சத்தம். எல்லாரையும் வெளியேத்தினாங்க. கொஞ்ச நேரத்துல நான் நின்ன அந்தப் படி தெரியலை.

அன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா எப்பவும் அப்படி முடியுறதில்ல. 2024 மே 17-ம் தேதி, சீசனே ஆரம்பிக்காத நேரம், கோடை மழையில பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயசு மாணவர் அதுல அடிச்சுட்டுப் போய் இறந்துட்டார்.

காரணம் எளிமையானது. அருவியோட தண்ணி நம்ம தலைக்கு மேல இருக்கிற மேகத்திலிருந்து வர்றதில்ல. நமக்குப் பின்னாடி, மலைக்கு உள்ள, கண்ணுக்குத் தெரியாத காட்டுல பெய்யுற மழை அது. அங்க கொட்டினா, இங்க வெயில் அடிச்சாலும் கொஞ்ச நேரத்துல வந்து சேரும். அதனால வானத்தைப் பார்க்காதீங்க, தண்ணியைப் பாருங்க. நிறம் மாறுதா? இலை, குச்சி வருதா? சத்தம் கூடுதா? இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் ஏறிடுங்க. பேரருவியில பாதுகாப்பு வளைவுன்னு ஒண்ணு இருக்கு. அதைத் தாண்டி தண்ணி விழுந்தா குளிக்கத் தடை. செய்தியில "குற்றாலத்தில் குளிக்கத் தடை"ன்னு வந்தா, "போய்ப் பார்ப்போம், திறந்துடுவாங்க"ன்னு குழந்தையோட கிளம்பாதீங்க. அந்தத் தடைதான் குற்றாலத்தோட அளவுப் பலகை.

தண்ணி எங்க இருந்தாலும்

இது அருவிக்கு மட்டுமில்ல, தீம் பார்க்ல இருக்கிற குட்டிக் குளத்துக்கும்தான். உலக அளவுல நீரில் மூழ்கி இறப்பு விகிதம் மிக அதிகமா இருக்கிறது ஒன்னு முதல் நாலு வயசுக் குழந்தைகள்கிட்ட. சினிமாவுல காட்டுற மாதிரி கை கால் அடிச்சு, கத்தி மூழ்குறது கிடையாது. சத்தமே வராது. பெரிய தலை, சின்ன உடம்பு: குப்புற விழுந்தா கணுக்கால் அளவு தண்ணியிலயும் எழுந்திருக்கத் தெரியாது.

அதனால, கை நீட்டினா தொடுற தூரத்துல ஒரு பெரியவர். அவர் கையில போன் இருக்கக் கூடாது. கையில மாட்டுற காத்தடைச்ச பொம்மை மிதவை விளையாட்டுச் சாமான்தான், உயிர்காக்கும் சாதனம் இல்ல. சாதாரண டயபரோட தண்ணியில இறக்காதீங்க, ஊறி கனமாயிடும். நீச்சலுக்குன்னே தனி டயபர் இருக்கு. வயித்துப்போக்கு இருக்கிற குழந்தையைக் குளத்துல இறக்கவே வேண்டாம். அது மத்த குழந்தைகளுக்கும் செய்யுற மரியாதை.

அப்போ போகலாமா?

தோழிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: போகலாம். ஆனா யாருக்காகப் போறோம்னு கிளம்புறதுக்கு முன்னாடியே உங்களுக்குள்ள பேசி முடிச்சுடுங்க.

"அவனுக்கு இது ஞாபகமே இருக்காதே"ன்னு சிலர் சொல்லுவாங்க. உண்மைதான். மூணு, மூன்றரை வயசுக்கு முந்தின சம்பவங்கள் பெரியவங்களான பிறகு பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இருக்கிறதில்ல. அப்போ அந்த நாளோட போட்டோவும் கதையும் நமக்குத்தான். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. உங்களுக்கு ரோலர் கோஸ்டர் போகணும்னா, குழந்தையை ஆச்சிகிட்டயோ அத்தைகிட்டயோ விட்டுட்டு ஒரு நாள் ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. குழந்தைக்காகன்னா, காலையில ரெண்டு மணி நேரம், ஒரு ராட்டினம், கொஞ்சம் தண்ணி, ஒரு டப்பா தயிர்சாதம். பெரிய பூங்காதான் வேணும்னு இல்ல. பக்கத்துல இருக்கிற மாநகராட்சிப் பூங்காவோட சறுக்கு மரமும் மணலும் அதே வேலையைச் செய்யும்.

ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே டிக்கெட்ல செய்யப் பார்த்ததுதான் நான் பண்ணினது. முதல் தடவை அதுக்கு விலை, ஒரு நாள் அழுகை. குற்றாலத்துல நான் கேட்டது பாப்பாவுக்கான விளையாட்டு இல்ல, எனக்கான போட்டோ. அவ விளையாட்டு அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே முடிஞ்சிருந்தது. அந்தப் போட்டோ இப்போ என்கிட்ட இல்ல, தம்பி எடுக்கவே இல்ல. பாப்பா பொறுக்கின ஒரு கல்லு மட்டும் ஆச்சி வீட்டு ஜன்னல்ல இருக்கு.

இந்த வருஷம் மே மாசம் மகளுக்கு மூணு வயசு. சுவர்ல நிக்க வெச்சு அளந்தேன், 93. இன்னும் அந்தப் பலகையைத் தொட நாலு வருஷம் இருக்கு. அவசரமில்ல.

குட்டிகளோட நீங்க போன இடம், பண்ணின தப்பு, கத்துக்கிட்ட விஷயம் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க, ஒரு எபிசோட்ல வாசிக்கிறேன். பெற்றோராகப் போற யாராவது உங்க நட்புல இருந்தா இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.